இலேசான துப்பாக்கி ஏன் அதிகம் உதைத்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் ஒருவர். வயது 58, உயரம் 155 செ.மீ. கணவர் காலமான பின் தனியாக வசிக்கிறார். கடைசி நோயாளியின் வீட்டை விட்டுக் கிளம்பவே சில நாட்கள் இரவு 10 மணி ஆகிவிடும். ஒருநாள் காரை நிறுத்திய இடம்வரை யாரோ பின்தொடர்ந்து வந்ததற்குப் பிறகு, கைத்துப்பாக்கி ஒன்றை மறைத்து எடுத்துச் செல்வது என்று முடிவெடுத்தார்.

வலது கைப் பழக்கம். இரண்டு கைகளிலும் கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் உண்டு. ஜாம் பாட்டில் மூடியைத் திருகுவதே அவருக்குச் சிரமம். இந்தத் தகவலைத் துப்பாக்கிக் கடையில் யாரும் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மகன் அவருக்கு ஒரு ரிவால்வரைப் பரிசாக வாங்கிக் கொடுத்தார்: .38 ஸ்பெஷல், 5 தோட்டா, அலுமினியச் சட்டகம், எடை சுமார் 410 கிராம். கடைக்காரர் சொன்ன காரணங்கள் இரண்டு. பிஸ்டலின் மேற்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தோட்டாவைக் குழலில் ஏற்றும் வேலை இல்லை. பையில் கிடந்தால் கனமே தெரியாது. இரண்டுமே உண்மைதான். கூடவே விற்ற தோட்டா +பி வகை, அதாவது வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுடுவது. செவிலியர் இரண்டு சுற்று, மொத்தம் 10 தோட்டா சுட்டுவிட்டுக் கை வலிக்கிறது என்று ரிவால்வரை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். பயிற்சியாளரிடம் வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உதைப்பு குறைந்த துப்பாக்கி வேண்டும், முடிந்தால் இதைவிடச் சின்னதாக.

முதல் நாள் கவனித்தவை

சுடுவதற்கு முன், தோட்டா இல்லாத ரிவால்வரை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்ததிலேயே பாதி விடை கிடைத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான வளைவு, துப்பாக்கிப் பிடியின் முதுகில் நடுவாகப் பதிந்து, குழலும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்படிப் பிடித்தால் அவருடைய விரல்நுனி மட்டுமே விசையை (டிரிகரை) தொட்டது. இந்த வகை ரிவால்வரின் விசைக்கு ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ இழுப்பு வேண்டும். நுனிவிரலால் அது நடக்காது. எனவே விரல் எட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கைக்குள் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பியதும் பிடியின் முதுகு உள்ளங்கையின் சதைப்பகுதியை விட்டு நகர்ந்து, நேராகக் கட்டைவிரல் அடிமூட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. தேய்ந்த மூட்டின் மேல்தான் ஒவ்வொரு உதையும் விழுந்திருக்கிறது. முந்தைய வாரம் சுட்ட இடத்தில் மங்கலாக ஒரு கன்றிய தடம் இன்னும் இருந்தது.

அடுத்து, சுழலும் உருளையில் மூன்று மென்மையான தோட்டாவும் இரண்டு டம்மி தோட்டாவும் கலந்து போட்டுக் கொடுக்கப்பட்டது. எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. டம்மி வந்த இரண்டு முறையும் விசை முழுதாக வருவதற்கு முன்பே குழல்முனை கீழே குத்தியது. உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே எதிர்க்கிறது. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டால் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் குறி தவறும். உதைப்பு குறைந்த துப்பாக்கியை வாங்கியும் தேறாதவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பிறகு .22 காலிபர் பிஸ்டல் ஒன்றில் 5 கெஜ தூரத்தில் சுட்டபோது தோட்டாக்கள் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் விழுந்தன. ஆக, கண்ணிலோ குறி பார்ப்பதிலோ கோளாறு இல்லை.

கடைசியாக ஸ்லைடு. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடின் பின்புறத்தைக் கிள்ளிப் பிடித்து இழுக்கப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. முறையை மாற்றிக் காட்டப்பட்டது. பிஸ்டலை நெஞ்சருகே கொண்டுவந்து, இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து, நான்கு விரல்களால் பற்றி அப்படியே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு வலது கையால் பிடியை முன்னோக்கி அழுத்தித் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவதற்குத் தோளும் மார்பும் துணை வரும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. இப்படிச் செய்யும்போது குழல்முனை இடப்பக்கம் திரும்பிவிடும் என்பதால், முதலில் உடம்பை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, முனை இலக்கை நோக்கியே இருக்கும்படி செய்வது கட்டாயம். இந்த முறையில் முழு அளவு 9 மி.மீ. பிஸ்டலின் ஸ்லைடு வந்துவிட்டது. சட்டைப்பை அளவுள்ள குட்டி 9 மி.மீ. பிஸ்டலில் பாதிவரைதான் வந்தது.

"உதைக்கிறது" என்ற ஒரே புகாருக்குள் இப்படி மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன: துப்பாக்கியின் எடை, விசை எட்டாத பிடி, ஸ்லைடு ஸ்பிரிங்கின் விறைப்பு. ஒன்றைத் தீர்க்கும் துப்பாக்கி இன்னொன்றை மோசமாக்கலாம் என்பதால்தான் கடைக்காரரின் ஆலோசனை பிசகியது. அவர் ஸ்லைடைத் தவிர்த்தார். மற்ற இரண்டையும் கூட்டிவிட்டார்.

எடைக் கணக்கு

சின்னது மென்மையாகச் சுடும் என்பது புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் தோன்றும் எண்ணம். நடப்பது தலைகீழ். ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் சுட்டால் பின்னால் தள்ளும் உந்தம் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் கைக்கு வந்து சேரும் உதைப்பு ஆற்றல், துப்பாக்கி எவ்வளவு கனமோ அவ்வளவுக்குக் குறையும். ரூகர் எல்சிபி என்ற குட்டிப் பிஸ்டல் 270 கிராம் சுமார். ஸ்மித் அண்ட் வெஸனின் எம் அண்ட் பி 380 ஷீல்ட் ஈஸி 525 கிராம் சுமார். இரண்டும் 9 மி.மீ.யைவிடக் குட்டையான, சக்தி குறைந்த .380 தோட்டாவைத்தான் சுடுகின்றன. கனமானதில் உதைப்பு ஆற்றல் ஏறக்குறைய பாதி. போதாததற்கு, எல்சிபியின் சிறிய பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இராது; மிச்ச உதையும் குறுகலான முதுகின் வழியே ஒரே கோடாகக் கையில் இறங்கும்.

உள்ளமைப்பும் முக்கியம். வால்தர் பிபிகே போன்ற பழைய .380 பிஸ்டல்களில் குழல் அசையாது. தோட்டா வெடிக்கும் கணத்தில் ஸ்லைடை மூடி வைத்திருப்பது அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே. அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், உதையும் வெடுக்கென்று வரும். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து பின்வாங்கிப் பிறகு பிரியும் அமைப்பில் ஸ்பிரிங்குக்கு அந்தச் சுமை இல்லை. ஷீல்ட் ஈஸியில் இன்னொரு சலுகையும் உண்டு. ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டல்களில் (சுத்தியலுக்குப் பதில், ஸ்பிரிங்கால் பாயும் ஊசியே தோட்டாவை அடிக்கும் வகை) ஸ்லைடு மூடும்போது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் எதிர்த்துத்தான் மூட வேண்டும். எனவே ஸ்லைடு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பலமாகவே வைப்பார்கள். ஈஸியில் உள்ளே சுத்தியல் இருப்பதால் மென்மையான ஸ்பிரிங்கே போதும்.

பரிசீலித்த தெரிவுகள்

ரிவால்வரையே வைத்துக்கொண்டு, கைக்கு நிறைவான ரப்பர் பிடி மாட்டி, தட்டையான முனையுள்ள, மென்மையாகச் சுடும் 148 கிரெயின் வாட்கட்டர் தோட்டாவுக்கு மாறுவது முதலில் பார்க்கப்பட்டது. உதைப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் ரப்பர் பிடி முதுகைத் தடிமனாக்கி விசையை இன்னும் எட்டாமல் செய்தது. விசை ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் சில தோட்டாக்கள் அடி வாங்கியும் வெடிக்காமல் போகும் அபாயம் உண்டு. கைவிடப்பட்டது.

.22 காலிபரை மாற்றுவழியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், கை வேறு எதையும் தாங்காது என்றால் அதுதான் மிச்சம். முதல் தேர்வாக எடுக்காததற்குக் காரணம், விளிம்பில் வெடிமருந்து வைத்த அந்தத் தோட்டாக்களில் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அடிக்கடி நடக்கும்.

குழலை மேலே தூக்கி நேரடியாகத் தோட்டா போடும் பெரெட்டா வகைப் பிஸ்டல்களும் பேச்சில் வந்தன. முதல் தோட்டாவுக்கு ஸ்லைடை இழுக்க வேண்டாம் என்பது உண்மை. நடுவில் தோட்டா சிக்கினால் இழுத்துத்தான் ஆக வேண்டும்.

வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றில் மூன்று நடுத்தர .380 பிஸ்டல்களையும் ஒரு குட்டி 9 மி.மீ. பிஸ்டலையும் வரிசையாகச் சுட்டுப் பார்த்தார்; ஒவ்வொன்றிலும் இரண்டு மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) மட்டும். களைத்த கையின் தீர்ப்பை நம்ப முடியாது என்பதால் நடுநடுவே பத்து நிமிட இடைவெளி. சிக் சாவர் பி365-380 (சுமார் 445 கிராம், மேகசினில் 10) மறைப்பதற்கு மிக எளிது. பிடியின் சுற்றளவும் அவருக்குச் சரி. ஆனால் மேகசினில் கடைசி மூன்று தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்த முடியவில்லை. ரூகர் செக்யூரிட்டி-380 (சுமார் 560 கிராம், மேகசினில் 15) மிகவும் மென்மையாகச் சுட்டது, பிடிதான் அகலம். 9 மி.மீ.யில் இரண்டாவது மேகசினின் பாதியில் மீண்டும் கண்ணைச் சிமிட்டத் தொடங்கினார், அதோடு அது நிறுத்தப்பட்டது.

ஷீல்ட் ஈஸியில் முதுகிலிருந்து விசைவரை விரலின் முதல் கணு சரியாக எட்டியது. ஸ்லைடு பத்துக்குப் பத்து முறையும் வந்தது. மேகசினின் இரு பக்கமும் உள்ள பொத்தானை விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாவை வெறுமனே உள்ளே விடலாம், கட்டைவிரல் தப்பித்தது. மேகசினில் 8, குழலில் 1. நீளம் 17 செ.மீ. மூன்றில் இதைத்தான் எடுத்தார். இளஞ்சிவப்புச் சட்டகம் ஒன்றையும் கடையில் காட்டினார்கள். அதில் விலையைத் தவிர எதுவும் மாறவில்லை.

வாங்கியதும் சரிபார்த்ததும்

புதியதன் விலையைத் தவிர்க்க, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பயன்படுத்திய பிஸ்டல் ஒன்றை வாங்கினார். துப்பாக்கி வாங்குவோருக்கான மத்திய அரசுப் படிவம் 4473 நிரப்பி, பின்புலச் சோதனை முடிந்து கைக்கு வந்தது. இங்கே ஒரு முக்கியமான படி. 2020 மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை தயாரான ஷீல்ட் ஈஸி பிஸ்டல்களை, சுத்தியலில் விரிசல் வரக்கூடும் என்று நிறுவனமே திரும்ப அழைத்திருந்தது. இவருடையது அந்தக் காலத்தில் தயாரானது. வரிசை எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்து, நிறுவனத்துக்கு அனுப்பி, இலவசமாகச் சரிசெய்து திரும்பப் பெறும்வரை அதில் ஒரு தோட்டாவும் சுடவில்லை. பழைய துப்பாக்கி எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தோட்டாத் தேர்வு அடுத்தது. உடல் தசைக்கு ஈடாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்க அமெரிக்க எஃப்.பி.ஐ. பயன்படுத்தும் அளவுகோல் 12 முதல் 18 அங்குல ஊடுருவல். .380 இன் பலவீனம் இங்கேதான். விரிய வேண்டும் என்று செய்யப்பட்ட இலேசான ஹாலோ பாயின்ட்கள் (முனையில் குழியுள்ள தோட்டாக்கள்) பல, நன்றாக விரிந்துவிட்டு 12 அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடுகின்றன. கொஞ்சம் குறைவாக விரிந்தாலும் 12 அங்குலத்தைத் தாண்டுவதையே எடுக்க வேண்டும் என்பது இங்கே பின்பற்றிய விதி.

அதன்பின் 200 பயிற்சித் தோட்டா, எடுத்துச் செல்லப்போகும் வகையில் 50. இரண்டு மேகசினுக்கும் எண் எழுதி, எதில் என்ன கோளாறு வந்தாலும் குறித்துக்கொள்ளச் சொல்லப்பட்டது. தோட்டா சிக்கவே இல்லை. ஆனால் இடது கையால் மட்டும் சுட்டபோது மூன்று முறை விசை வந்தும் சுடவில்லை. தோட்டாவில் அடித்த தடம் இல்லை. பிடியின் முதுகில் இருக்கும் சேஃப்டி முழுதாக அழுந்தவில்லை, அதுதான் காரணம். இடது கை தாழ்ந்து பிடித்திருந்தது, அதன் கட்டைவிரல் மூட்டுதான் அதிகம் தேய்ந்ததும். கையை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்து, சேஃப்டியைச் சுற்றி மணல்தாள் போன்ற சொரசொரப்புப் பட்டை ஒட்டியபின் அடுத்த 40 தோட்டாவில் கோளாறு இல்லை. இந்தச் சேஃப்டியை டேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைப்பவர்கள் உண்டு. செய்யக் கூடாது.

எங்கே வைப்பது

முதலில் அவர் கைப்பையைத்தான் நினைத்திருந்தார். பை நாற்காலியில் தொங்கும், நோயாளி வீட்டு மேசையில் கிடக்கும், குழந்தைகள் கைக்கு எட்டும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரத்தில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டுத் தாய் இறந்தார். தோட்டா நிரப்பிய துப்பாக்கி உடம்பில் இருக்க வேண்டும், அல்லது பூட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் அவரும் உடன்பட்டார்.

சிக்கல் உடைதான். செவிலியர் சீருடையில் இடுப்புக்கு நாடா மட்டுமே, பெல்ட் கிடையாது. வலது இடுப்பின் பின்பக்கம் வைத்தபோது, பெண்களின் இடுப்பு வெளிநோக்கி வளைவதால் துப்பாக்கியின் பிடி உள்ளே சாய்ந்து விலாவில் குத்தியது. எடுக்கும்போது தோளும் எட்டவில்லை. மிருதுவான வயிற்றுப்பட்டை வசதியாக இருந்தது. ஆனால் துணியின் மேலாகவே விரல் விசையைத் தள்ள முடிந்தது, எனவே நிராகரிக்கப்பட்டது. இறுதியில், கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறையை ஆடையோடு சேர்க்காமல் தனிப் பட்டையில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் வகை. தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம். சீருடையின் தளர்ந்த மேல்சட்டை அதை மறைத்துவிட்டது. திரும்ப உறையில் போடும்போது சட்டைத் துணி உள்ளே மாட்டி விசையை இழுத்துவிடக்கூடும். அதனால் துணியை இடது கையால் முழுதாகத் தூக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகத்தான் போட வேண்டும். அவசரமாக உறையில் போட வேண்டிய தேவை எந்தச் சூழலிலும் இல்லை.

உரிமமும் பணியிடமும்

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தும் உரிமம் எடுக்கவே பரிந்துரைக்கப்பட்டது. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது; அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. நாள் முழுதும் காரில் சுற்றுபவர் எத்தனை பள்ளிகளைக் கடப்பார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். உரிமத்துக்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 தோட்டா. 250 புள்ளிகளில் 175 எடுக்க வேண்டும். அவர் 228 எடுத்தார்.

(அமெரிக்காவில் எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குறுகிய சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இது மாறாது.)

பணி வழங்கும் நிறுவனத்தின் விதி, நோயாளி வீட்டுக்குள் ஆயுதம் கூடாது என்பது. அதை மீறச் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. எனவே ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் துப்பாக்கி காரிலேயே தங்க வேண்டும். இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு எஃகுக் கம்பியால் பிணைத்த பூட்டுப்பெட்டி பொருத்தப்பட்டது. தனிப் பட்டை வகையைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இங்கே தெரிந்தது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமல், உறையும் பட்டையுமாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். தெரியாமல் வெடிக்கும் விபத்துகளுக்கு இடம் கொடுப்பது, காருக்குள் நெருக்கடியான இடத்தில் துப்பாக்கியை எடுப்பதும் போடுவதும்தான்.

தொடர்ந்து நடந்தவை

முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம் டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது: தோட்டாக்கள் வேறு அறையில், பிஸ்டலின் குழலைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகு. மாதம் ஒருமுறை சுடுதளத்தில் 50 தோட்டா. அதற்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைக்கப்பட்டது, மூட்டுக்காக. டம்மி கலந்து சுடும் சோதனையில் மூன்றாவது மாதத்தில் குழல்முனை அசையாமல் நின்றது. ஆறு மாத முடிவில் 7 கெஜத்தில் 8 தோட்டாவும் விரித்த உள்ளங்கை அளவுக்குள். சுட்ட மறுநாள் மூட்டு வலி, வழக்கமான வேலைநாள் வலியைவிடக் கூடவில்லை. துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டிய சூழல் எதுவும் வரவில்லை. ரிவால்வரை விற்பனையாளர் மூலமாகவே விற்றுவிட்டார்.

குறைகளும் உண்டு. .380 தோட்டா 9 மி.மீ.யைவிட விலை அதிகம். கோடையில் ஒற்றை மெல்லிய சட்டைக்குள் 17 செ.மீ. பிஸ்டலை மறைப்பது சிரமம். அந்த நாட்களில் மேலே தளர்ந்த சட்டை ஒன்று கூடுதலாகப் போடுகிறார். பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக ஒரு நாளில் ஐந்தாறு முறை நடக்கிறது. அலுப்பில் ஒருநாள் பூட்டாமல் போயிருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விசை எட்டுகிறதா என்ற சோதனைக்குத் தோட்டாவே வேண்டாம். அதைக் கடையின் மேசையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன் செய்திருக்கலாம். மூட்டு நோய் உள்ளவரிடம் ஸ்லைடைப் பத்து முறை தொடர்ந்து இழுக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்துவிட்டது என்பது சான்றாகாது.

இடது கைச் சோதனை வாடகைத் துப்பாக்கியிலேயே நடந்திருக்க வேண்டும். பிடிச் சேஃப்டி பிரச்சினை அப்போதே தெரிந்திருந்தால், அந்தச் சேஃப்டி இல்லாத பி365-380 ஐ, மேகசின் நிரப்பும் கருவி ஒன்றுடன் சேர்த்து மறுபடி பார்த்திருக்கலாம். கட்டைவிரல் சிக்கலைத் தீர்க்க சில டாலர் கருவி போதும் என்கிறபோது மேகசினை வைத்துத் துப்பாக்கியைக் கழித்தது அவசரம். இடது கை மூட்டு இன்னும் மோசமானால் அடுத்து பார்க்கப்போவது அதைத்தான்.